தோளில் தழும்பு இருக்கிறது, பிறகு ஏன் டிபி?

நெஞ்சக நோய் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு நுரையீரலில் டிபி என்று உறுதியாகிவிட்டது. சளியில் கிருமி இருக்கிறதாம். சின்ன வயதில் போட்ட டிபி தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு அவர் தோளில் இப்போதும் தெரிகிறது. அப்படியிருந்தும் எப்படி வந்தது? எங்கள் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கும் பிறந்தவுடனே ஊசி போட்டாயிற்று. அவளுக்கு வராது என்று நம்பலாமா? அவருடைய தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

பதில்: சகோதரி, முதலில் மகளைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். அவளை நாளைக்கே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இருமல் இல்லை, நன்றாக ஓடி விளையாடுகிறாள் என்று தள்ளிப்போட வேண்டாம். சளியில் கிருமி உள்ளவரோடு ஒரே வீட்டில் இருக்கும், ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு முதலில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் வராமல் தடுக்கச் சில மாதங்களுக்கு மாத்திரை தருவார்கள். நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று வீட்டில் யாராவது கேட்கக்கூடும். சின்னக் குழந்தைகளின் உடலில் இந்தக் கிருமி சீக்கிரமாக நோயாக மாறிவிடும், மூளைவரைகூடப் போய்விடும் என்று சொல்லுங்கள். பி.சி.ஜி. போட்டாயிற்றே என்பதை ஒரு காரணமாக வைத்து அந்த மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது.

பி.சி.ஜி. செய்கிற வேலை என்ன, செய்யாத வேலை என்ன என்பது தெளிவாக இருந்தால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும். பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டு டிபி கிருமியை 13 ஆண்டுகள் விடாமல், 230 முறை இடம் மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைப் போக்கினார்கள். அப்படி வீரியமிழந்த கிருமிதான் பி.சி.ஜி. 1921-ல் அது முதல் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நூறு ஆண்டு தாண்டியும் டிபிக்கு எதிராகப் பரவலான பயன்பாட்டில் இருக்கும் தடுப்பூசி இது ஒன்றுதான். குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் டிபி, உடல் முழுக்கப் பரவும் டிபி இரண்டையும் இது நன்றாகவே தடுக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே பிறந்தவுடன் போட்டாக வேண்டும். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பெரியவர்களின் நுரையீரல் டிபி வேறு கதை. 1968-ல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. வேறு சில நாடுகளில் ஓரளவு பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் வளர்ந்தபின்னும் காக்கும் என்று எங்கேயும் நம்பி இருக்க முடியாது. உங்கள் கணவரின் தழும்பு பொய் சொல்லவில்லை. குழந்தைப் பருவத்தில் செய்ய வேண்டியதை அது செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள். இந்த நோய் பாத்திரத்தால் பரவுவதில்லை. அவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுப்பவருக்குத்தான் தொற்றுகிறது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். முதல் சில வாரங்கள் அவர் தனி அறையில் தூங்கட்டும், ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது முகக்கவசம் போடட்டும்.

கேள்வி: மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, எடையும் கூடிவிட்டது. சளியிலும் கிருமி இல்லை என்கிறார்கள். இன்னும் நான்கு மாதம் விழுங்கியே ஆக வேண்டுமா? மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதும் பயமாக இருக்கிறது.

பதில்: நிறத்துக்குக் காரணம் ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்து. கண்ணீர், வியர்வைகூட நிறம் மாறும். பயமே வேண்டாம், மருந்து உடம்பில் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம்.)

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பயிற்சிக் காலத்தில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகியவன். நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். சில தகடுகளில் தேடித் தேடி இரண்டு மூன்று கிடைக்கும். சிலவற்றில் லென்சை எங்கே நகர்த்தினாலும் கொத்துக் கொத்தாக இருக்கும். இரண்டு மாத மருந்துக்குப் பிறகு அதே நோயாளியின் தகட்டில் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. ஆனால் ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணில் படும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் தகடு சுத்தமாகத்தான் தெரியும்.

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே செத்துவிடும், அதனால்தான் உடம்பு தேறுகிறது. பெருகாமல் மந்தமாகக் கிடக்கிற கூட்டம் ஒன்று மிஞ்சும். மருந்துகள் பெரும்பாலும் பெருகும்போதுதான் கிருமியைப் பிடிக்கின்றன. இந்த மிச்சக் கூட்டத்தை முடிக்கத்தான் மீதி நான்கு மாதம். இப்போது நிறுத்தினால் அவை திரும்ப எழும். விட்டு விட்டுப் போட்டாலோ இன்னும் மோசம், மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிவிடும். அதை நீங்கள் மற்றவர்களுக்கும் தருவீர்கள். அவர்களுக்கு ரிஃபாம்பிசினே முதல் நாளிலிருந்து வேலை செய்யாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்களுக்கு மருந்து தருபவரிடம் சொல்லுங்கள், மாற்ற வழி உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, டானிக் சாப்பிட்டால் டிபி வராமல் தடுக்கலாமா?

பதில்: முடியாது. டிபி கிருமி உள்ளே போன பலரின் உடம்பு அதைச் சுற்றி வெள்ளணுக்களால் வேலி போட்டு அடைத்துவிடும். அப்படி அடைத்து வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாகிறது. வேலியைப் பலவீனமாக்குபவை எச்.ஐ.வி., கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், புகை, மது, சில மூட்டுவாத மருந்துகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டினி. ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக டிபி வந்தது ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்தது. பொடிக்குச் செலவாகும் பணத்தை வீட்டாரின் வயிறார்ந்த சாப்பாட்டில் போடுங்கள். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: பெரியம்மையை ஊசியால் ஒழித்துவிட்டோம். டிபியை ஏன் முடியவில்லை?

பதில்: பெரியம்மை வந்தவரின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அறிகுறி இல்லாமல் உடம்பில் ஒளிந்திருந்து ஆண்டுகள் கழித்து எழாது. தடுப்பூசியும் நன்றாக நின்று காத்தது. 1980-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. டிபியில் இந்த மூன்றுமே நமக்குச் சாதகமாக இல்லை. தட்டம்மையில் நூற்றுக்கு 95 பேருக்கு ஊசி போட்டால் போடாத மீதிப் பேரும் தப்பிக்கிறார்கள். பி.சி.ஜி.யில் அந்தப் பலன் கிடைப்பதில்லை. அது காப்பாற்றுவது குழந்தைகளை, பரப்புவதோ பெரும்பாலும் பெரியவர்கள். அதனால் இப்போதைக்கு டிபி பரவலை நிறுத்தும் முக்கிய ஆயுதம் ஊசியல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைக் கண்டுபிடித்து, சளியைச் சோதித்து, மருந்தை முழுசாக முடிக்க வைப்பதுதான். எம்72 என்ற புதிய தடுப்பூசியின் கடைசிக் கட்டப் பெரிய சோதனை 2024-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு பி.சி.ஜி. தழும்பு விழவில்லை. மறுபடி போடலாமா?

பதில்: வேண்டாம். சில குழந்தைகளுக்குத் தழும்பு விழாது. அதற்காகத் திரும்பப் போடத் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவர் டிபி மருந்து சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குத் திரும்பியிருக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்காரத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லித்தானே வந்திருப்பார்? தாராளமாக உட்காருங்கள். மருந்துக்கு அடங்கும் கிருமியாக இருந்தால், ஒழுங்காக மாத்திரை போடுபவரிடமிருந்து பரவுவது சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு சென்னையில் நடந்தது, 1959-ல் வெளியானது. பாதி நோயாளிகளை சானடோரியத்தில், அதாவது டிபி நோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், வைத்துப் பார்த்தார்கள். மீதிப் பேர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டோடு, மருந்து மட்டும் எடுத்தார்கள். இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. நமக்குத் தொற்றுகிற ஆபத்து அதிகம் இருந்தது அவருக்கு நோய் என்று தெரியவருவதற்கு முன்புதான். அப்போது அவரோடு ஒரே அறையில் நாள் கணக்கில் இருந்திருந்தால் நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.