சர்வர்கள் ஒன்றாகின்றன: டேட்டாபேஸ் படிப்புக்குப் பணம் கட்டலாமா?

ஆச்சிக்கு வணக்கம்.

பள்ளத்தூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பி.சி.ஏ. முடிக்கப்போகும் தம்பி நிறுவனங்களின் தகவல் தொகுப்புகளைப் பராமரிக்கும் டேட்டாபேஸ் நிர்வாகி ஆக வேண்டும் என்கிறான். பெங்களூரு உறவினரோ, "சர்வர்களையெல்லாம் ஒன்றாக்குகிறார்கள், இனி அந்த வேலையே இருக்காது" என்கிறார். சென்னைப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் கவலை.

உறவினர் சொல்வதில் பாதி சரி. முன்பு ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குக்கு ஒரு சர்வர், சரக்கு இருப்புக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். பெரும்பாலான நேரம் அவை சும்மா ஓடின. மின்சாரம், குளிர்சாதனம், லைசென்ஸ் செலவு மட்டும் குறையவில்லை. ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள் வந்ததும் பலவற்றை ஒரே பெரிய சர்வருக்குள் அடக்கினார்கள். டேட்டாபேஸ் மென்பொருள் விற்கும் ஆரக்கிள் நிறுவனம் 2013-இல் 12சி பதிப்பில், பல டேட்டாபேஸ்களை ஒரே தாய் டேட்டாபேஸுக்குள் செருகும் வசதியைத் தந்தது. 21சி பதிப்பிலிருந்து பழைய தனி அமைப்பே கிடையாது. இன்ஸ்டால் செய்வதும் பேக்கப் ஓடியதா என்று காலையில் பார்ப்பதும் மட்டுமே வேலை என்றிருந்தவர்களுக்கு இது கெட்ட செய்திதான்.

மீதிப் பாதியை உங்களுக்கு விளக்குவது எளிது. ஒரே வளவில் பல புள்ளிகள், அதாவது பல குடும்பங்கள், இருந்த வீடு உங்களுக்குத் தெரியும். அறையும் சாவியும் உலையும் தனித்தனி. கூரையும் முகப்பும் பொது. கூரை ஒழுகினால் அத்தனை புள்ளிக்கும் தொல்லை. ஒன்றாக்கிய சர்வரும் அப்படித்தான். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு பிராசஸரை மொத்தமாக இழுத்துக்கொண்டால் விற்பனைக் கவுன்ட்டரில் பில் நின்றுபோகும். யாருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு பிராசஸர் என்று வரம்பு கட்டி வைப்பது நிர்வாகியின் பொறுப்பு. மென்பொருளின் குறைகளைச் சரிசெய்யும் பேட்ச் போடுவதும் மாறிவிட்டது. அதற்கு ஒரு மணி நேரம் சர்வரை நிறுத்த வேண்டுமென்றால், ஐந்தாறு துறைகளிடம் பேசி ஒரே நேரத்துக்குச் சம்மதம் வாங்க வேண்டும். வாயில்லாப் பிள்ளை என்று பேரெடுத்தவன் இங்கே திணறுவான். தம்பி எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பணத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ஆரக்கிளின் உயர்பதிப்பு லைசென்ஸைப் பொதுவாகப் பிராசஸர் கோர் (பிராசஸருக்குள் இருக்கும் தனித்தனி வேலை அலகு) கணக்கில்தான் விற்கிறார்கள். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளில் ஒரு மெஷினுக்கு நான்கு கோர் மட்டும் ஒதுக்கினாலும் அந்தப் பிரிப்பை ஆரக்கிள் ஏற்பதில்லை. அடியில் இருக்கும் சர்வரின் எல்லாக் கோர்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது அதன் கொள்கை. செலவைக் குறைக்கக் கிளம்பி, தணிக்கையில் பெரிய தொகைக்கு மாட்டிக்கொள்ள இது போதும். இதை முன்கூட்டியே சொல்லத் தெரிந்த நிர்வாகியை நிறுவனம் எளிதில் விடாது. பாடத்திட்டங்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் குறை.

இணையம் வழியே சர்வர்களை வாடகைக்கு எடுக்கும் கிளவுட் பற்றி ஒரு வரி: அமேசான் போன்றவை பேக்கப், பேட்ச் வேலைகளைத் தாமே செய்கின்றன, ஆனால் டேட்டாபேஸிடம் தகவல் கேட்க மோசமாக எழுதிய வினவலைச் சரிசெய்து தருவதில்லை.

ஆகவே தம்பி இப்போதைக்கு ஊரிலேயே இருக்கட்டும். வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளமும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டும் இலவசம். மூன்று டேட்டாபேஸ்களை உருவாக்கி, ஒன்றை வேண்டுமென்றே அழித்து, மற்ற இரண்டுக்கும் சேதமில்லாமல் பேக்கப்பிலிருந்து மீட்கட்டும். டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லில் எழுதி, மெதுவாக ஓடும் வினவல் ஏன் மெதுவாகிறது என்று தேடிப் பழகட்டும். முதல் வேலை டேட்டாபேஸ் நிர்வாகி என்ற பெயரில் கிடைக்காமல் போகலாம். அப்ளிகேஷன் சப்போர்ட்டில் கிடைத்தாலும் தயங்காமல் சேரட்டும், அங்கிருந்து டேட்டாபேஸ் வேலைக்குப் போகும் வழி உண்டு.

அதற்குப் பிறகும் பயிற்சி தேவை என்று அவனுக்குத் தோன்றினால், பணம் கட்டும் முன் அந்த மையத்தில் அவனையே கேட்கச் சொல்லுங்கள்: "மீட்பு வேலையை என் கையால் செய்யவிடுவீர்களா, திரையில் காட்டுவதோடு சரியா?" வேலை உத்தரவாதம் பற்றி மட்டுமே பேசினால் எழுந்து வந்துவிடட்டும்.