காகிதம் நுழையாத இணைப்பு

அன்புள்ள ஐயா,

வணக்கம். தச்சு என் தொழில் இல்லை, ஓய்வுநேரப் பழக்கம். மேசை, ஸ்டூல், புத்தக அலமாரி என்று ஏழெட்டுச் சாமான்கள் செய்திருக்கிறேன். நான்கு வருடம் முன்னால் பின்வாசலுக்கு மரத்தில் இரண்டு படி செய்து வைத்தேன். நான் செய்ததிலேயே ஒழுங்கான வேலை அதுதான். பக்கச் சட்டங்களில் பள்ளம் குடைந்து, பலகைகளின் முனையை அதற்குள் செருகினேன். இணைப்பில் ஒரு காகிதம்கூட நுழையாது. பசை போட்டு, இடுக்கெல்லாம் பட்டி பார்த்து, மூன்று கோட் பெயின்ட் அடித்தேன். இந்த மழையில் மேல்படியின் ஓரம் காலுக்கடியில் மெத்தென்று அமுங்கியது. கழற்றிப் பார்த்தால், பள்ளத்துக்குள் இருந்த முனை கறுத்துப்போய், கிள்ளினால் பொலபொலவென்று உதிர்கிறது. வெளியே பெயின்ட் மட்டும் அப்படியே இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஆறு வருடம் முந்தியே பழைய பலகைகளை வைத்துத் திருகு முடுக்கி ஒரு படி போட்டார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரலை விடலாம். பெயின்ட் கிடையாது. அது இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது. எப்படி என்று கேட்டால் சிரிக்கிறார். என் வேலையில் எங்கே தப்பு? திரும்பவும் மரத்திலேயே செய்யலாமா, சிமென்டுக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

காகிதம் நுழையாது, சரி. தண்ணீர் நுழையுமே. உங்கள் படியின் கதை முழுக்க அவ்வளவுதான். வீட்டுக்குள் எதையெல்லாம் நல்ல தச்சு என்று கற்றுக்கொண்டீர்களோ, அதை அப்படியே வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் படி மூன்றாம் வருடம் உள்ளே போனது. கையில் துணி வாளியோடு இறங்கும்போது கணுக்கால்வரை பலகைக்குள் போய்விட்டது. வலியைவிட வெட்கம்தான் அதிகம், ஏனென்றால் அந்தப் படியை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்திருந்தேன்.

இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடிவிளிம்பைத் தண்ணீரில் வையுங்கள். நடுவே தண்ணீர் தானாக மேலே ஏறும். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். இழைப்புளி போட்டு மழமழவென்று ஆக்கிய இரண்டு மரமுகங்களை இறுக்கிச் சேர்த்தாலும் இதுதான் நடக்கும். அதற்குள் போன நீரைக் காற்றும் தொடாது, வெயிலும் தொடாது. சுண்டுவிரல் நுழையும் இடைவெளியில் மழைநீர் தங்க முடியாமல் கீழே விழுந்துவிடும், மிச்ச ஈரத்தைக் காற்று கொண்டுபோய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கட்டும். அவருக்கும் காரணம் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது, பள்ளத்துக்குள் நீங்கள் செருகியது பலகையின் எந்தப் பகுதி? வெட்டுமுனை. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன நுண்குழாய்கள் பலகையின் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. அறுத்த முனையில் அவை வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் மேல்முகம் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக முனை தண்ணீரைக் குடிக்கும். படி முழுவதிலும் தாகம் அதிகமான இடத்தைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் தேங்கும் குழிக்குள் வைத்துப் பசையும் போட்டு மூடியிருக்கிறீர்கள்.

மரத்தை அழிப்பது தண்ணீரே அல்ல, பூஞ்சை. அதற்குத் தீனி மரம். காற்றும் மிதமான சூடும் வேண்டும், ஈரம் வேண்டும். மற்ற மூன்றையும் நம்மால் தடுக்க முடியாது. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிழைப்பு ஓடாது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும் மரம் காற்றில்லாததால் வெகுகாலம் தாங்கும், கூரைக்கடியில் காய்ந்து கிடக்கும் மரமும் தாங்கும். நனைந்தும் நனையாமலும் கிடக்கிற மரம்தான் சீக்கிரம் போகிறது. வேலிக்கால் மண்மட்டத்தில் இற்றுப்போவது அதனால்தான். நீங்கள் கழற்றிய முனையை நன்றாகப் பாருங்கள். பழுப்பாக, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாக உடைகிறதா? பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, நார்களைப் பிணைக்கும் லிக்னினை மட்டும் விட்டுவைத்த மிச்சம் அது.

பெயின்ட் ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். மரம் ஈரத்தில் உப்பும், காய்ச்சலில் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு ஒன்றுமே இல்லை, அகலவாக்கில்தான் எல்லாம். 14 செ.மீ அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே 2, 3 மி.மீ அகலம் மாறிக்கொண்டே இருக்கும். பெயின்ட் படலத்தால் அதோடு சேர்ந்து நீள முடியாது. இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். திரும்பி வரும்போது வெடிப்பு ஒன்றுதான் வாசல், மற்ற இடமெல்லாம் பெயின்ட் அடைத்து நிற்கிறது. மூன்று கோட் அடித்ததால் அடைப்பு இன்னும் பலம். பட்டி பார்த்ததும் அதே கணக்கு.

சிமென்டுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளியில் மரம் நிற்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நார்வேயில் போர்குண்டு என்ற ஊரில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மரத் தேவாலயம் மழையிலும் பனியிலும் இன்றைக்கும் நிற்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்களில் தூண்களை மண்ணில் நட்டார்கள், அவை அடி அழுகிப் போய்விட்டன. பிறகு வந்தவர்கள் கல்லை அடுக்கி, அதன்மேல் கிடைச்சட்டம் போட்டு, தூணை அதில் நிறுத்தினார்கள். மேலே மரத்திலிருந்து வடித்த தாரைப் பூசினார்கள். மண்ணிலிருந்து கொஞ்சம் உயர்த்தினார்கள், அதற்கே எண்ணூறு வருடம்.

ஆகவே உங்கள் படியின் கால்களும் மண்ணைத் தொடக்கூடாது. கல்லோ கான்கிரீட் திண்டோ, தரைமட்டத்திலிருந்து 5 செ.மீயாவது உயர்ந்திருக்க வேண்டும். மேல்முகம் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தால் நல்லது. மரத்துக்கும் திண்டுக்கும் நடுவே கெட்டியான ரப்பர் துண்டு ஒன்று வையுங்கள், கான்கிரீட்டும் ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். சுவரோடு ஒட்டிவைக்காமல் ஒரு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள்.

அளவெடுப்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு இடத்தில் கைதேர்ந்தவர்களும் வழுக்குவார்கள். உங்கள் வாசல் தரையிலிருந்து 51 செ.மீ உயரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாக வகுத்தால் ஓர் ஏற்றம் 17 செ.மீ. மூன்றாவது ஏற்றம் முடியும் இடம் வாசலே என்பதால் படி இரண்டு போதும். பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா ப்ளோண்டெல் 17ஆம் நூற்றாண்டில் ஒரு கணக்குச் சொன்னார்: ஏற்றத்தை இரட்டித்து, படியின் அகலத்தைக் கூட்டினால் மனிதன் நடக்கும் ஓர் எட்டு வர வேண்டும். இன்றைய அளவில் 60லிருந்து 65 செ.மீ. 14 செ.மீ பலகை இரண்டு, நடுவில் 6 மி.மீ இடைவெளி, ஆக 28.6. அதோடு 34ஐக் கூட்டினால் 62.6. கால் வசதியாக விழும்.

இனி அந்த வழுக்கல். சட்டத்தில் மூன்றுக்கும் 17, 17 என்று குறித்து அறுத்துவிட்டு, மேலே 4 செ.மீ கனப் பலகையை வைத்தால் முதல் ஏற்றம் 21 ஆகிவிடும், கடைசி ஏற்றம் 13 ஆகிவிடும். சட்டத்தின் அடியில் பலகையின் கனத்தை, அந்த 4 செ.மீயை, கழித்து அறுக்க வேண்டும். நடக்கும்போது பாதம் படியின் விளிம்பை மிகக் கொஞ்ச இடைவெளியில்தான் தாண்டுகிறது. முதல் படியின் உயரத்தைக் கால் மனப்பாடம் செய்துகொள்கிறது, அடுத்தது ஒரு விரற்கடை மாறினாலும் தடுக்கிவிடும். ரப்பர் துண்டின் கனம், திண்டின் உயரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். கடைசியாக நீங்கள் கால் வைத்து நிற்கப்போகும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், பக்கத்துப் புல்தரையிலிருந்து அல்ல.

சட்டத்தில் பள்ளம் குடைய வேண்டாம். ரம்பப் பல் மாதிரி படிப்படியாக வெட்டி, பலகையை அதன்மேல் படுக்க வையுங்கள். பலகை முனைகள் இரு பக்கமும் 2 செ.மீ வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் நிற்கட்டும். இந்த வெட்டில்தான் பொறுமை வேண்டும். மெஷின் ரம்பத்தின் தகடு வட்டம் என்பதால், மேலே கோடு மூலையைத் தொடும்போது அடியில் வெட்டு இன்னும் மூலைக்கு வந்திருக்காது. அதை எட்டவைக்க மேலே கோட்டைத் தாண்டி ஓட்டிவிடுவோம். அந்த அரை அங்குல அதிகவெட்டிலிருந்துதான் சட்டம் பிளக்கத் தொடங்கும், தண்ணீரும் அங்கேதான் குடிபுகும். மூலைக்கு ஒரு விரற்கடை முன்னால் மெஷினை நிறுத்திவிட்டு, கைரம்பத்தால் முடித்து, உளியால் மூலையைச் சுத்தம் பண்ணுங்கள். நான் இப்போது மூலையில் முதலிலேயே சின்னதாக ஒரு துளை போட்டுவிடுகிறேன், ரம்பம் அங்கே வந்து நின்றுகொள்ளும். வெட்டியபின் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, குறைந்தது 9 செ.மீ, வெட்டுப்படாத மரம் மிஞ்ச வேண்டும்.

இரண்டு சட்டம் போதாது, நடுவில் ஒன்று போடுங்கள். பலகையின் தாங்கலில்லாத நீளம் பாதியானால், நடுவில் ஏறி நிற்கும்போது வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். பலகையை இரு மடங்கு கனமாக்கினாலும் அதே பலன்தான், ஆனால் மரச்செலவு எங்கேயோ போய்விடும்.

மரம் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். தேக்கே ஆனாலும் ஓரத்து வெள்ளை வெளியில் தாங்காது. மருந்தேற்றிய மரம் வாங்கினால், மருந்து பெரும்பாலும் உள்மையம்வரை போயிருக்காது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அறுக்கும் ஒவ்வொரு முனையிலும் திரும்ப மருந்து தடவ வேண்டும். அறுக்கும்போது முகமூடி போடுங்கள், கழிவுத்துண்டுகளை அடுப்பெரிக்கப் போடாதீர்கள். முடுக்குவதற்கு எவர்சில்வர் திருகு. சாதாரண இரும்பு துருப்பிடிப்பது ஒருபக்கம் இருக்க, துவர்ச்சத்துள்ள மரத்தில் பட்டால் அதைச் சுற்றிக் கருநீலக் கறை பரவும். பழங்காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். 4 செ.மீ பலகைக்கு 10 செ.மீ திருகு, தாங்கலுக்கு இரண்டு, முதலில் துளை போட்டபிறகு. திருகுத்தலை பலகை மட்டத்தோடு நிற்கட்டும், அமுங்கினால் அது ஒரு குட்டிக் குளம். பசை எங்கேயும் வேண்டாம். பலகையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 4 மி.மீ தாழ்ந்திருக்கும்படி சட்டத்தை வெட்டுங்கள்.

பூச்சுக்கு, மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் வகையாகப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், சுரண்டும் வேலை கிடையாது. வெட்டுமுனைகளுக்கு மட்டும் மரம் குடிப்பதை நிறுத்தும்வரை பூசிக்கொண்டே இருங்கள், நாலைந்து தடவை கேட்கும். ஆளிவிதை எண்ணெய் என்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது அது சூட்டைக் கக்கும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

பழைய படியில் எது மிஞ்சும் என்று பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்திக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் டக்கென்று தடுக்கும், அழுகல் சத்தமில்லாமல் உள்ளே விடும். அழுகல் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் அதைத் தாண்டி ஒரு சாண் தள்ளி அறுங்கள். மிஞ்சுகிற துண்டுகள் படிக்கு ஆகாது, வீட்டுக்குள் ஒரு முக்காலிக்கு ஆகும். அதை நீங்கள் காகிதம் நுழையாமலே செய்துகொள்ளலாம்.

புதுப் படியைப் போட்டு முடித்ததும், எண்ணெய் பூசுவதற்கு முன்னால், ஒரு குடம் தண்ணீரை மேல்படியில் ஊற்றிவிட்டு வேறு வேலை பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, எங்கேயாவது இன்னும் கறுப்பாக ஈரம் தெரிந்தால் அந்த இடத்தைக் கழற்றி இடைவெளியைக் கூட்டுங்கள். எந்த இடம் என்று எனக்கும் எழுதுங்கள். என் படியில் அது நடுச்சட்டத்தின் தலைப்பில் இருந்தது, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத இடம்.

அன்புடன்.