பேயைக் காட்டியும் யாரும் பயப்படவில்லையே, ஏன்?

கேள்வி: 12 நிமிடத்தில் ஒரு பேய்க் குறும்படம் எடுத்திருக்கிறேன். ராத்திரி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் கதை. மேக்கப்புக்கே பாதிப் பணம் போய்விட்டது. பின்னணி இசையும் பலமாகத்தான் வைத்தோம். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால், பேய் வரும் இடத்தில் சிரித்துவிட்டார்கள். மறுபடி ஷூட்டிங் போகக் காசில்லை. எடுத்ததை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். எடிட்டிங்கிலும் சத்தத்திலும் நிறையவே செய்யலாம்.

மேக்கப், இசை என்று பேய் வந்த பிறகு நடப்பதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. பயம் சேருவது அங்கேதான். பேயின் முகம் முழுசாகத் தெரிந்ததும் பார்ப்பவர் மனசு ‘ஓ, இதுதானா’ என்று ஆறிவிடும். அப்புறம் அவர் மேக்கப்பைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், சிரிப்பும் வந்துவிடும்.

1942-இல் ஜாக் துர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு காட்சி. ஒரு பெண் ராத்திரியில் பூங்கா ஓரமாக நடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். இசை கிடையாது, இரண்டு பேரின் காலடி மட்டும்தான். கொஞ்ச தூரத்தில் பின்னால் வந்த காலடி நின்றுபோகிறது. இவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். சட்டென்று பக்கத்தில் மிருகம் சீறுவது போல ஒரு சத்தம். பார்த்தால், பிரேக் போட்டு வந்து நிற்கும் ஒரு பஸ்! தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். பஸ்ஸுக்குத்தான் தூக்கிவாரிப் போடுகிறது என்றாலும், அடிவயிற்றைக் கலக்கியது அந்தக் காலடி நின்ற நொடி.

இருட்டுகூடக் கட்டாயமில்லை. ‘யாவரும் நலம்’ (2009) படத்தில் மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது; வேறு யாராவது ஏறினால் நன்றாக வேலை செய்யும். தினமும் புழங்குகிற பொருள் ஒருவருக்கு மட்டும் மாறி நடந்தாலே போதும், உள்ளுக்குள் என்னவோ செய்கிறது.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். முதலில் பின்னணி இசையை முழுசாக மியூட் செய்துவிட்டுப் பாருங்கள். முதல் நிமிடத்திலிருந்தே இசை உச்சத்தில் இருந்தால், பயமுறுத்த வேண்டிய இடத்தில் ஏற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஷூட் செய்த அதே அறைக்குப் போய், செல்போனிலாவது அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஃபிரிட்ஜின் ரீங்காரம், ஃபேனின் ‘கிரீச், கிரீச்’, பக்கத்து வீட்டு டிவி என்று எது கிடைத்தாலும் சரி. ஃபேன் சத்தம் முதல் காட்சியிலிருந்தே லேசாக ஓடட்டும். இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். பேய் வருவதற்கு 20 நொடி முன்னால் அதை மட்டும் நிறுத்துங்கள். படத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கிரீச் மட்டும் கேட்காது. என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமல் பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒன்று, எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள். ஃபிரிட்ஜின் ரீங்காரமாவது மெலிதாக இருக்கட்டும்.

அடுத்து, வெட்டாமல் விட்ட காட்சிகளைத் தேடுங்கள். ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னால் கேமரா ஓடிக்கொண்டிருந்த சில நொடிகள் எல்லா டேக்கிலும் இருக்கும். நடிகை இன்னும் நடிக்க ஆரம்பித்திருக்க மாட்டார், எங்கேயோ பார்த்தபடி சும்மா நிற்பார். பயந்ததுபோல் நடித்த முகத்தைவிட அந்த வெறும் முகம்தான் நிஜமாக இருக்கும். அதற்கு அடுத்து, பாதி திறந்த கதவின் ஷாட்டைப் போடுங்கள். இரண்டு நொடியில் வெட்டியிருந்தால் ஏழு நொடி விடுங்கள். அதில் எதுவும் நடக்கக் கூடாது. கண் தானாகவே இருட்டு மூலையைத் துழாவும்.

பேய்க்கு ஒரே ஒரு ஷாட், அதுவும் ஒரு நொடிக்குள். தோளோ கையோ மட்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. செலவு செய்த மேக்கப்பை வெட்டுவது வலிக்கும், எனக்குத் தெரியும். ‘ஜாஸ்’ (1975) எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதானது. அதனால் இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதைக் குறைவாகத்தான் காட்ட முடிந்தது. படத்துக்கு அதுவே பலமாகிவிட்டது.

மறுபடியும் அதே நண்பர்களிடம் காட்டாதீர்கள், அவர்களுக்குக் கதை தெரியும். கதை தெரியாத இரண்டு பேரை விளக்கை அணைத்து உட்கார வைத்து, நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களையே பாருங்கள். பேச்சு நின்று, கால் தன்னால் நாற்காலிக்கு மேல் ஏறுகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேய் அங்கிருந்து இன்னும் பத்து நொடி கழித்து வரட்டும்.