பாட்டுக் கேட்கட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது, மனச்சிதைவு நோய். யாரோ திட்டுகிற குரல் கேட்கிறது என்று நாள் முழுக்க ஹெட்போனும் பாட்டுமாக இருக்கிறான். இசை சிகிச்சை கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் ஒரு உறவினர். எந்த ராகம் நல்லது?
- ஒரு அக்கா, திருச்சி

பதில்: மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா. நிறுத்தினால் நோய் திரும்ப முற்றிவிடும் ஆபத்து அதிகம். இசை சிகிச்சை பற்றிய 18 ஆய்வுகளை, மொத்தம் 1215 பேர், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2017-ல் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேர்ந்தபோதுதான் பலன். அதுவும் யாரோடும் ஒட்டாமல் ஒடுங்கிக் கிடக்கிறார்களே, அதில் நல்ல மாற்றம் தெரிந்தது.

ஹெட்போனைப் பிடுங்க வேண்டாம். அது அவனே கண்டுபிடித்த வழி, நல்ல வழியும்கூட. நமக்குள் ஓடும் பேச்சையே மூளை வேறு யாரோ பேசுவதாக எடுத்துக்கொள்கிறது என்பது இந்தக் குரல்களுக்கு ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம், அதனால்தானோ என்னவோ, 1981-ல் வந்த ஓர் ஆய்வில் வெறும் இரைச்சல் உதவவில்லை, கவனத்தை இழுக்கும் சத்தம் உதவியது, எல்லாவற்றையும்விட வாய்விட்டுப் படித்தபோது குரல்கள் நன்றாகக் குறைந்தன. எனவே கேட்பதோடு நிற்காமல் கூடவே பாடச் சொல்லுங்கள். கூச்சப்பட்டால் முணுமுணுத்தாலும் போதும், நீங்களும் சேர்ந்து பாடுங்கள்.

ராகம் எதுவானாலும் சரி, அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்று சுற்றிவரும் பட்டியல்களுக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பாட்டு வரிகள் தன்னைப் பற்றியே பேசுகின்றன என்று சொன்னால் வரியில்லாத புல்லாங்குழல், வீணை என்று மாற்றிவிட்டு, டாக்டரிடமும் சொல்லுங்கள்.

முறையான இசை சிகிச்சை என்பது சிடி போட்டுவிட்டுப் போவதில்லை. பயிற்சி பெற்றவர் ஒரு மேளத்தை அவன் கையில் கொடுத்து, அவன் தட்ட இவர் பதில் தட்ட, பேச முடியாதவனோடு அப்படித்தான் பழக ஆரம்பிப்பார். நாலைந்து வகுப்பில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், நாளாகும். எங்கே கிடைக்கும் என்று அவனுடைய மனநல மருத்துவரிடமே கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. செத்துப்போ, யாரையாவது அடி என்று குரல் கட்டளையிட்டால் பாட்டை நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.