கோட்டுக்கு வெளியே பாருங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவில் நான்தான் போட்டோ எடுக்கிறேன். ஓடுவது, தாண்டுவது, கோப்பை வாங்குவது என்று வருஷா வருஷம் ஒரே மாதிரி படங்கள். வேறென்ன எடுக்கலாம் ஐயா?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள் அம்மா. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரை யாராவது படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? காலை ஏழு மணி வெயிலில் அந்தத் தூசி பறப்பதே ஓர் அழகு.

அப்புறம் கபடி. பாடிப் போகிறவரைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். எதிரணியில் ஒருவர் அவுட்டானால்தான் அவர் உள்ளே திரும்ப முடியும். ஆட்டம் முழுவதும் அந்த முகத்தில் ஓடும். இதற்குப் பெரிய லென்ஸ் வேண்டாம், 50 மி.மீ. போதும், ஷட்டர் வேகம் 1/250 நொடி. பாய்ச்சலை உறைய வைக்கத்தான் 1/1000 வேண்டும்.

தொடர் ஓட்டத்திலும் அப்படித்தான். கையைப் பின்னால் நீட்டிக் குச்சிக்குக் காத்திருக்கும் பெண்ணை எடுங்கள்.

ஒருமுறை ஒரு பள்ளியில் நூறு மீட்டர் முடிவுக் கோட்டிலேயே தவம் கிடந்தேன். ஜெயித்த பையன் நல்ல ஷார்ப்பாக வந்தான். கடைசியாக வந்தவனைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போன பி.டி. சாரை விட்டுவிட்டேன். அப்போது குனிந்து திரையில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்! அந்தப் பழக்கம் உங்களுக்கும் இருந்தால் இன்றே விடுங்கள்.

அழுகிறவர்களை எடுத்தால் வெளியிடும் முன் அவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.