மலை ஏறும் பைக்கு என்ன தைக்கலாம்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கணவருக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மேலே போய், ஞாயிறு மாலை திரும்புகிறேன். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. இரண்டு நாளுக்கே பை பிதுங்குகிறது. ஒரு பொருளை எடுக்க எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய உள்பை செட் வெறுமனே தூக்கினாலே கனமாக இருக்கிறது; அதில் ஒன்றின் ஜிப், இழுத்து மூடும் ரன்னர் தாண்டிப் போனதும் பின்னாலேயே பிளந்துகொள்கிறது. என்னிடம் மிதி மெஷின் இருக்கிறது, துணி ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் கிடையாது. எதையெல்லாம் நானே தைத்துக்கொள்ளலாம்?

பதில்: நன்றாகத் தைத்துக்கொள்ளலாம். ஜாக்கெட் தைக்கிற கைக்கு இதில் எதுவுமே கஷ்டமில்லை. ஆனால் மெஷினில் உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வாரா வாரம் போவது ஒரே வீட்டுக்கு. அப்படியென்றால் பல் துலக்கும் பிரஷ், சீப்பு, எண்ணெய், துண்டு, இரவு உடை, ஆளுக்கு ஒரு தடித்த ஸ்வெட்டர் இதெல்லாம் மேலேயே இருக்கட்டும். இன்னொரு செட் வாங்கும் செலவு ஒருமுறைதான்; சுமப்பது வாரா வாரம். பிரஷுக்கு ஒரு பை, சீப்புக்கு ஒரு பை என்று தைத்து அடுக்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், கனம் குறையாது. ஒவ்வொரு பையும் தன் கனத்தையும் சேர்த்துத்தான் ஏறுகிறது. அதனால் மலை ஏறி இறங்கியே ஆக வேண்டிய பொருளுக்கு மட்டும் தையுங்கள். உங்களுக்கு நாலு வகை போதும் என்பது என் கருத்து.

முதலில் துணி. உள்பைக்கு கேன்வாஸ் வேண்டாம். பை தைக்கும் கேன்வாஸ் சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் வரும். மெல்லிய பருத்தித் துணியான பாப்ளின் சுமார் 110 முதல் 130 கிராம்தான். நான் கீழே சொல்லும் பைக்குக் கால் சதுர மீட்டர் துணி பிடிக்கும். மூன்று பை தைத்தால் துணியில் மட்டுமே 130, 150 கிராம் மிச்சமாகும். கடையில் வாங்கும் பையில் கெட்டித் துணியோடு உள்ளே லைனிங், சுற்றிலும் பைப்பிங் பட்டை என்று எல்லாம் சேர்ந்துவிடுகிறது. உங்கள் செட் வெறுமனே கனப்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். உள்பை எப்போதும் இன்னொரு பைக்குள்ளே இருக்கப்போவது. அதற்கு வலிமை வேண்டியது ஜிப்பிலும் மூலைத் தையலிலும்தான்.

ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பிட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு உள்பை தைக்கத் தோன்றும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒவ்வொரு ஒட்டிலும் துணி இரண்டு மடங்காகிறது. ஓவர்லாக் இல்லாததால் உள்ளே பிசிறும் வரும். பிட்டுகளைப் பிசிறை மூடும் விளிம்புப் பட்டைக்கும், ஜிப் முனையில் பிடித்துக்கொள்ள வைக்கும் காதுக்கும் எடுத்து வையுங்கள்.

இனி உள்பை. ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு நிறம். சட்டை எல்லாம் ஒரு பையில், உள்ளாடை எல்லாம் ஒரு பையில் என்று வகை பிரிப்பவர்களும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஆள் வாரியாகப் பிரிப்பதுதான் நல்லது. ஏழு வயதுப் பெண் தன் பச்சைப் பையைத் தானே எடுத்துத் தானே மூடிக்கொள்வாள்.

பெரிய பையின் உள்ளளவை டேப் வைத்து எடுத்த பிறகுதான் துணியை வெட்ட வேண்டும். தைத்து முடிந்த உள்பை 12 இன்ச் நீளம், 9 இன்ச் அகலம், 3 இன்ச் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, அரை இன்ச் சேர்த்தால் 24½ இன்ச். இது துணியின் சுற்று. நீளத்தோடு உயரத்தையும் தையல் இடம் ஒரு இன்ச்சையும் சேர்த்தால் 16 இன்ச். ஆக ஒரு பைக்கு 24½ க்கு 16 இன்ச்சில் ஒரே துண்டு. உங்கள் பை சின்னது என்றால் இதே கணக்கில் அளவை மாற்றிக்கொள்ளலாம். 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள பாப்ளின் முக்கால் மீட்டர் வாங்கினால் இரண்டு பை வரும், விளிம்புப் பட்டைக்கும் துணி மிஞ்சும். வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். பருத்தி சுருங்கும், ஜிப் சுருங்காது. நனைக்காமல் தைத்த பை முதல் சலவையிலேயே ஜிப் ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கும்.

ஜிப்பை ரோலிலிருந்து மீட்டர் கணக்கில் வாங்குங்கள். நைலான் சுருள் ஜிப், 3ஆம் நம்பர் போதும். உலோகப் பல் ஜிப் கனம், ஏற்காட்டு ஈரத்துக்கு நிறமும் மாறும். பைக்கு 17 இன்ச் வெட்டிக்கொண்டு, ரன்னரைக் கோர்க்காமல் இரண்டு பாதியையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். வேலையைப் பாதியாக்குவது இதுதான். ஒரு பாதியை 16 இன்ச் விளிம்பு ஒன்றிலும், மறு பாதியை எதிர் விளிம்பிலும் தட்டையாக வைத்துத் தைத்து, திருப்பி மேல் தையல் போட்டுவிடலாம். மூடிய ஜிப்பை வைத்துக்கொண்டு குழாய்க்குள் கைவிட்டுத் திண்டாடவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே முனையிலிருந்து தையலைத் தொடங்குங்கள். மாற்றித் தொடங்கினால் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒற்றைப் பக்க ஜிப் ஃபுட் மிதி மெஷினுக்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதை மாட்டிக்கொண்டால் தையல் பல்லை ஒட்டி நேராக ஓடும்.

இப்போது இரண்டு ரன்னரை எதிரெதிராகக் கோர்த்தால் துணி ஒரு குழாயாகிவிடும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப் மேல்பக்கம் நடுவில் வரும்படி தட்டையாக வைத்து, இரண்டு பக்க மடிப்பையும் நகத்தால் கீறி அழுத்தி விடுங்கள். ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மூடியபடி தைத்துவிட்டால் பையைத் திருப்ப வழியிருக்காது. இரண்டு முனையையும் அரை இன்ச் விட்டுத் தையுங்கள். ஜிப் குறுக்கே வரும் இடத்தில் பெடலை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, முன்னும் பின்னுமாக மூன்று முறை போடுங்கள். ஊசி 14ஆம் நம்பர், நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் திரும்பத் திரும்ப ஈரம் பட்டால் சீக்கிரம் இற்றுப்போகும்.

முனைத் தையலின் பிசிறை ஒன்றரை இன்ச் பட்டை வைத்து மடித்து மூடிவிட்டு, அப்புறம் மூலைக்கு வாருங்கள். ஒரு மூலையைப் பிடித்து, முனைத் தையல் பக்க மடிப்பின் மேல் நேராக உட்காரும்படி திறந்தால் ஒரு முக்கோணம் நிற்கும். அதன் நுனியிலிருந்து தையல் வழியே ஒன்றரை இன்ச் உள்ளே வந்தால், அங்கே குறுக்களவு மூன்று இன்ச் இருக்கும். அதுதான் பையின் உயரம். அங்கே சாக்பீஸ் கோடு போட்டு இரட்டைத் தையல் விட்டு, வெளியே அரை இன்ச் விட்டு வெட்டி, பட்டை போடுங்கள். நாலு மூலையும் இப்படித்தான். முதல் பைக்கு நேரம் பிடிக்கும். மூன்றாவதை இரண்டு ஜாக்கெட்டுக்கு நடுவில் முடித்துவிடுவீர்கள்.

அடுத்தது ஈரத்துணிப் பை. எல்லாவற்றிலும் இதுதான் உங்களுக்கு அதிகம் உதவப்போகிறது. தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் சனிக்கிழமை துவைத்த துணி ஞாயிற்றுக்கிழமை காய்ந்திருக்காது. அந்த ஈரம் உள்பையெல்லாம் பரவி, கீழே வந்து பார்த்தால் எல்லாமே வாடை அடிக்கும். இதற்குத் தனித் துணி வாங்க வேண்டாம், கம்பி ஒடிந்த பழைய குடை ஒன்று போதும். கம்பி நுனிகளில் இருக்கும் நூலை வெட்டினால் துணி முழுசாகக் கழன்று வரும். எட்டுக் கம்பிக் குடை என்றால் எட்டு முக்கோணத் துண்டுகள். இரண்டு துண்டுக்கு ஒரு பை என்று நாலு பை தேறும். தண்ணீர் புகாமல் இருக்கத் துணியில் போட்டிருக்கும் பூச்சு உரிகிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் அந்தக் குடைத்துணி ஆகாது.

இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கூர்நுனியை அகலம் ஐந்து இன்ச் வரும் இடத்தில் வெட்டிவிடுங்கள். குடையின் அகன்ற ஓரம் ஏற்கெனவே மடித்துத் தைத்தது. அதையே பையின் வாயாக வைத்துக்கொண்டால் அங்கே தையல் வேலையே இல்லை. மற்ற மூன்று பக்கமும் கால் இன்ச் விட்டு ஒரு தையல். பிறகு உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அந்தப் பிசிறை உள்ளே அடக்கி இன்னொரு தையல். மெல்லிய துணியில் போடுகிற பிரெஞ்சுத் தையல்தான் இது. ஊசி புதிதாக 11ஆம் நம்பர், தையல் கொஞ்சம் நீளமாக. குண்டூசி குத்தாதீர்கள். பூச்சுத் துணியில் விழுந்த ஓட்டை மூடாது. துணி கிளிப் போட்டுப் பிடியுங்கள். வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கட்ட இரண்டு பக்கமும் நாடா வையுங்கள். வெல்க்ரோ வேண்டாம், ஸ்வெட்டர் கம்பளியைப் பிடித்து இழுத்துவிடும். இந்தப் பையில் தண்ணீர் ஊற்றி வைக்க முடியாது, ஊசி ஓட்டை வழியே கசியும். பிழிந்த துணியின் ஈரத்தை அது நன்றாகவே தடுக்கும். வீட்டுக்கு வந்ததும் துணியை எடுத்துவிட்டுப் பையை உள்பக்கம் வெளியே திருப்பிக் கொடியில் போடுங்கள். இரவெல்லாம் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, பஸ்ஸில் கைக்கு எட்ட வேண்டியவை. சுமார் முப்பது கிலோமீட்டர் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நாலு வயதுக் குழந்தைக்கு வாந்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாந்தி வந்தபின் பெரிய பையைத் திறந்து துழாவ நேரம் இருக்காது. அதனால் குறுக்கே மாட்டிக்கொள்ளும் ஒரு தட்டைப் பை தையுங்கள்: 9 இன்ச் அகலம், 10 இன்ச் உயரம், முன்பக்கம் மூடியில்லாத இரண்டு அறைகள். ஒன்றில் கழுவிக் காயவைத்த மாவு, பால் கவர்கள், வாய் பிரித்து மடித்தபடி. இன்னொன்றில் கைத்துண்டும் ஒரு எலுமிச்சம்பழமும். பின்னால் இருக்கும் பெரிய அறையில் தண்ணீர் பாட்டில், சின்னவனுக்கு மாற்றுச் சட்டை ஒன்று. முன் அறைகளுக்கு ஜிப்போ பட்டனோ வைக்காதீர்கள். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எடுக்கிற இடம் அது. முன்சீட் கம்பியில் கட்டித் தொங்கவிடும் பை அழகாகத்தான் இருக்கும். ஆனால் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் அவசரத்தில் பஸ்ஸிலேயே தங்கிவிடும். உடம்பில் மாட்டியிருப்பதே பாதுகாப்பு. இந்த ஒரு பைக்கு மட்டும் கெட்டித் துணி போடலாம். தோள்பட்டை தைக்கும் இடத்தில் 16ஆம் நம்பர் ஊசி மாட்டி, சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறியாகத் தையுங்கள்.

மேலே போய் பஸ்ஸை விட்டு இறங்கும்போது போட வேண்டிய மெல்லிய ஸ்வெட்டர்களுக்குத் தனி இடம் வேண்டாம். 12 இன்ச்சுக்கு 9 இன்ச்சில் சின்னத் தலையணை உறை ஒன்று தைத்து, இரண்டு ஸ்வெட்டரையும் மடித்து அதில் திணித்தால் பஸ்ஸில் குழந்தை தலை சாய்க்க ஆகும்.

நாலாவது, பணமும் வீட்டுச் சாவியும். நீங்கள் சுடிதார் போடுகிறவரா, புடவையா என்று எழுதவில்லை. சுடிதார் என்றால் டாப்ஸின் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். தனிப் பையே வேண்டாம். புடவை என்றால் பாட்டிமாரின் சுருக்குப் பையை மிஞ்ச எதுவும் இல்லை. லைனிங் துணியில் 9 இன்ச் வட்டம் வெட்டி, விளிம்பை மடித்து நாடா போகும் குழல் தைத்து, எதிரெதிர் பக்கத்திலிருந்து இரண்டு நாடா கோர்த்தால் முடிந்தது. இழுத்தால் இறுகும், தானாகத் திறக்காது. நாடாவை உள்பாவாடை நாடாவோடு ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

சார்ஜருக்கும் இயர்போனுக்கும் பை தைக்க வேண்டாம். ஒரு முடி ரப்பர் போட்டுச் சுற்றி, உங்கள் உள்பையின் ஓரத்தில் செருகினால் போதும். செருப்புக்கும் வேண்டாம், மேலே ஒரு ஜோடி விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பிளந்துகொள்ளும் அந்த ஜிப். செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரன்னர் தாண்டியபின் பல் பிரிகிறதென்றால் பெரும்பாலும் பல்லில் கோளாறு இருக்காது, ரன்னரின் வாய் விரிந்திருக்கும். ரன்னரை ஜிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, அதன் இரண்டு பின் ஓரங்களையும் சின்னக் குறடால் ஒவ்வொரு பக்கமாக, மெதுவாக, சம அளவில் அழுத்துங்கள். ஒரேயடியாக அழுத்தினால் நசுங்கி நகராமல் போய்விடும். கொஞ்சம் அழுத்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி அழுத்துங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ரன்னரின் பின்பக்கம் 3 அல்லது 5 என்று நம்பர் பதித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த நம்பரைச் சொல்லி, இல்லையென்றால் ஜிப்பையே எடுத்துப் போய்க் காட்டி, தையல் சாமான் கடையில் அதற்குப் பொருந்தும் புது ரன்னர் வாங்கி, ஜிப்பின் ஒரு முனைத் தையலைப் பிரித்து ஏற்றிவிடலாம். அந்த கெட்டிப் பைகளை வாரா வாரம் தூக்கிக்கொண்டு போகாமல் ஏற்காட்டு வீட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்; அங்கேயே தங்கப்போகும் ஸ்வெட்டர்களைப் போட்டு வைக்க அவை சரியாக இருக்கும்.