பாடசாலைப் பணம் எந்த இடத்தில் குறைகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே விடயத்தைப் பற்றியவை. ஆகவே வீட்டுத் திட்டம், காணி உறுதி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, மலையகப் பாடசாலைகளின் செலவுக் குறைப்பைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்விக்கான ஒதுக்கீடு கூடியிருக்கிறது என்று வரவு செலவுத் திட்ட உரையில் சொல்கிறார்கள். எங்கள் பாடசாலையிலோ தவணைப் பரீட்சை வினாத்தாளுக்கும் மலசலகூடம் கழுவுவதற்கும் பெற்றோரிடம் காசு கேட்கிறார்கள். குறைப்பு என்று ஒன்று நடக்கவே இல்லையா, அல்லது எங்களுக்குத்தான் கணக்குப் புரியவில்லையா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: உங்களுக்குக் கணக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது, அம்மா. உரையில் கூடுவது ரூபாயின் எண்ணிக்கை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதன் பின்னர் விலை ஏறும் வேகம் தணிந்ததே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. விலை ஏறிய அளவுக்கு ஒதுக்கீடு ஏறாவிட்டால், கடதாசியில் அது கூட்டல், வகுப்பறையில் அது கழித்தல். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. தலைநகரத்துப் பாடசாலைகளுக்கே அந்த நிலை என்றால், மலையுச்சியில் இருக்கும் சிறிய பாடசாலையின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வெட்டு, எவருடைய உரையிலும் வராத வெட்டு, வெற்றிடம். கல்விச் செலவில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போவதால், சத்தமில்லாமல் மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்கள் ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டாலே போதும். அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டபோது, 2022 டிசெம்பர் 31ஆம் திகதி பெருந்தொகையானோர் ஒரே நாளில் வீடு சென்றார்கள். புதிய ஆட்சேர்ப்போ அதே காலத்தில் இறுக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட ஏறத்தாழ 300 கோடி டொலர் உடன்பாடு, வட்டிச் செலவு நீங்கலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீத உபரியை 2025இல் காட்ட வேண்டும் என்று அரசைக் கட்டியது. உபரி காட்ட வேண்டிய அரசு முதலில் கை வைப்பது கட்டடம், திருத்தவேலை, தளபாடம் ஆகியவற்றின்மீதுதான். சம்பளத்தை நிறுத்தினால் அன்றைக்கே தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஒழுகும் கூரை ஊர்வலம் போகாது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நான் அதிபராக இருந்த ஒரு பாடசாலையில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு இடையில் சுவர் இல்லை. இரண்டு அலுமாரிகள்தாம் சுவர். மழை பெய்தால் தகரத்தின் இரைச்சலில் இரண்டு ஆசிரியைகளும் பேச்சை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைச் சித்திரம் வரையச் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் எங்கள் பிள்ளைகள் சித்திரத்தில் மிகவும் தேர்ந்திருந்தார்கள். சுவரும் சீலிங்கும் அடிக்க அனுமதி கிடைத்தது. பணம் மட்டும், ‘நிதி கிடைக்கப்பெற்றதும் விடுவிக்கப்படும்’ என்ற வரியோடு இரண்டு ஆண்டுகள் நின்றது. கடைசியில் பெற்றோர் ஒரு மைலோ டின்னில் காசு சேர்த்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்து முடித்தார்கள். அலுவலகக் கோவையில் அது ‘வேலை நிறைவு’ என்று பதிவானது. நீங்கள் கொடுக்கும் காசு எந்தப் பதிவில், எந்தத் தலைப்பில் போகிறது என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்; அரசு கொடுக்க வேண்டிய காசை நீங்கள் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு அரசியல்வாதி ஒருவர் பத்துக் கணினிகள் வாங்கித் தந்தார். இப்படி உதவி வரும்போது ஆர்ப்பாட்டம் எதற்கு?
– நாவலப்பிட்டி வாசகர்

பதில்: நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பின்னர், மின்கட்டணத்தை யார் கட்டுவது, கற்பிக்க ஆசிரியர் எப்போது வருவார் என்ற இரண்டு கேள்விகளையும் அதே மேடையில் கேளுங்கள். 2025இல் நாட்டின் பாடசாலைச் சீருடைத் துணி முழுவதையும் சீனா நன்கொடையாகத் தந்தது. அதையும் நாம் நன்றியோடு உடுத்திக்கொண்டோம். கொடுக்கிறவர் அடுத்த வருடம் கை மடக்கினால் எவரிடமும் முறையிட முடியாது என்பதுதான் கொடைக்கும் ஒதுக்கீட்டுக்கும் உள்ள வேறுபாடு.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் 38 பிள்ளைகள் படிக்கிறார்கள். பிள்ளைகள் குறைவு என்பதால் 4 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள பாடசாலையுடன் இணைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. எதிர்ப்பது சரியா? எதிர்த்தால், முன்னேற்றத்துக்குத் தடை என்று எங்களைச் சொல்ல மாட்டார்களா?
– அபிவிருத்திச் சங்க உறுப்பினர், பசறை

பதில்: சொல்வார்கள். அதற்குப் பயந்து வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் எல்லா இணைப்பும் தீங்கு என்றும் நான் எழுத மாட்டேன். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளை ஒரு கரும்பலகையில் நடத்தும் இடத்தில் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய பாடசாலை நல்லதாக இருக்கக்கூடும். பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்பதையும் நாம் ஒளிக்காமல் பேச வேண்டும். தொழிலாளர் குடும்பங்கள் கொழும்புக்கு நகர்ந்தது ஒரு காரணம் என்றால், கொஞ்சம் வசதி வந்த நாமே நம் பிள்ளைகளை வேன் பிடித்து நகரப் பாடசாலைக்கு அனுப்பியது இன்னொரு காரணம். அந்தப் பாடசாலை காலியானதில் நம் கையும் இருக்கிறது.

ஆனாலும் 4 கிலோமீற்றர் என்பது வரைபடத்தில் உள்ள தூரம். மலையில் அது தேயிலை மலைக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, அட்டை கடித்த காலோடு மேலே ஏறும் தூரம். பனி மூடிய நாளிலும் மண் சரிந்த நாளிலும் அது இன்னும் நீளும். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பேர் பதிய வேண்டிய தாய், ஆறு வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். ஆட்டோ பிடித்தால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போகும். எனவே பாடசாலையை மூடுவதால் அலுவலகம் மிச்சம் பிடிக்கும் பணம் எங்கும் காணாமல் போவதில்லை. அந்தச் செலவு தாயின் மடிக்கு இடம் மாறுகிறது. இந்தக் கணக்கை நீங்களே எழுதி முன்வைக்க வேண்டும். உங்களுக்காக வேறு எவரும் எழுதமாட்டார்கள்.

தூரத்து உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2013இல், மாணவர் குறைவு, நிதிப் பற்றாக்குறை என்று காரணம் சொல்லி ஏறத்தாழ 50 பாடசாலைகளை ஒரே ஆண்டில் மூடினார்கள். இடம் மாற்றப்பட்ட பிள்ளைகளின் கற்றல் எதிர்பார்த்தபடி உயரவில்லை என்பதை அந்நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் எடுத்துக்காட்டினார்கள். அதே நகரில் மூடப்பட்ட டயெட் என்ற உயர்நிலைப் பள்ளியை மீளத் திறக்கக் கோரி 2015இல் 12 பேர் 34 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மறு ஆண்டு அது திறக்கப்பட்டது. அவர்கள் கேட்ட வடிவில் திறக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் அவர்கள் ‘மூடாதே’ என்று மட்டும் சொல்லவில்லை. பள்ளியை எப்படி நடத்தலாம் என்று தாங்களே ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தார்கள். நீங்களும் ஐந்தாம் வகுப்பு வரையாவது தோட்டத்திலேயே வைத்திருப்பது, அதற்கு மேல் படிப்பவர்களுக்குப் போக்குவரத்தை எழுத்தில் உறுதி செய்வது என்று ஒரு மாற்றை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடம் துரையின் தயவில் நடந்தது. இப்போது அரசாங்கம் நடத்துகிறது. குறைத்துத் தந்தாலும் தருகிறார்களே என்று இருந்துவிட்டுப் போகலாமே?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, தலவாக்கலை

பதில்: ஐயா, உங்கள் வயதின் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே மறுக்கிறேன். துரையின் காலத்திலும் அது வெறும் தயவாக இருக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டமே தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியிருந்தது. அதைக் குறைந்த செலவில், ஒரு கொட்டிலும் ஒரு வாத்தியாருமாக முடித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் நம் பள்ளிகள் தோட்டங்களின் கையிலேயே விடப்பட்டன. 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே அரசு அவற்றைப் படிப்படியாக எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு 1945இல் திறந்த கதவு நமக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமாகத் திறந்தது. இன்று எல்லோருக்கும் ஒரே அளவாக வெட்டினாலும், தாமதமாக வந்தவனுக்கே அது ஆழமாக விழும். 5 முதல் 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது 2016 முதல் நம்மீது கட்டாயம். அனுப்பும் கட்டாயம் நமக்கு இருக்கும்போது, அங்கே ஆசிரியரை வைத்திருக்கும் கட்டாயம் அவர்களுக்கு இருக்காதா?

கேள்வி: ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் பாதிக்கப்படுவது எங்களைப் போன்ற உயர்தர மாணவர்கள். அவர்களை ஆதரிக்க வேண்டுமா?
– மாணவி, ஹட்டன்

பதில்: பாதிக்கப்படுகிறீர்கள் என்பதை எவரும் மறுக்கக் கூடாது, தங்கச்சி. 2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் 24 ஆண்டுகாலச் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது, சிக்னலுக்காக ஏற்கனவே குன்றேறிக்கொண்டிருந்த நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லாமல் போனது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கு ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரில் எடுக்கப்பட்டவர்களுக்கு மாதம் 6,000 ரூபாயும், பின்னர் 10,000 ரூபாயும்தான் கொடுத்தார்கள். அதில் பஸ் காசு போக என்ன மிஞ்சும்? பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு மாதக்கணக்கில் போராடினார்கள். யுனெஸ்கோ வகுத்த அளவுகோலோ 4 முதல் 6 வீதம். நாம் பல ஆண்டுகளாக 2 வீதத்தை அண்டியே நிற்கிறோம். சம்பளத்துக்காக மட்டும் நடக்கும் போராட்டத்தில் உங்களுக்கு ஐயம் இருந்தால், வெற்றிடங்களையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கும்படி உங்கள் ஆசிரியர்களிடமே கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: மகஜர் கொடுத்தோம், பாதையில் பதாகையோடு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. இனி யாரிடம் போவது?
– பெற்றோர் சிலர், இராகலை

பதில்: மாகாணப் பாடசாலைகளைப் பொறுத்தவரை உங்கள் முதல் சிக்கல், கேள்வி கேட்பதற்கு உங்களுக்கென்று மாகாண சபை உறுப்பினர் இல்லாததுதான். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல்; 2018இல் சபை கலைந்த பின்னர் ஆளுநரின் கீழ் அதிகாரிகளே நடத்துகிறார்கள். ஆகவே மகஜர் எவருடைய மேசையில் விழுந்தது என்பதே தெரியாமல் போகிறது.

பதாகையை வீசிவிட வேண்டாம். அதற்கு முன் ஓர் எண்ணைக் கையில் எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம், உங்கள் பாடசாலைக்கு இந்த ஆண்டு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, அதில் எந்த மாதத்தில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் விளக்கம் வரும். ‘எவ்வளவு, எப்போது’ என்று கேட்டால் எண் வரும். தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அலுவலகத்தில் எவராவது காரணம் கேட்டால் சிரித்துவிட்டு நில்லுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் வையுங்கள்.

எழுதத் தெரியாத தாய்மார் உங்களில் இருந்தால் அவர்களும் வாயால் கேட்கலாம். அதை எழுதிக்கொள்ள வேண்டியது அந்த அலுவலரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. முதல் விண்ணப்பத்தை அப்படி ஒரு தாயே கொடுக்கட்டும்.